மூடுபனியில் பத்துக் கிலோமீற்றர், அதன்பின் இன்னும் கொஞ்சம்

ரொறன்ரோ ஏரிக்கரையில் காலையில் எங்கே ஓடலாம், ஸ்காபரோவிலிருந்து எப்படிப் போவது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். வழி சொல்வதென்றால் ஐந்து வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கரையை நினைத்தாலே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, செப்டெம்பர் மாதக் கடைசி. நான் வாழ்க்கையில் முதன்முதலாக, ஒருவரும் துரத்தாமல், என் பாட்டில் ஓடிய நாள். ஆகவே அந்தப் பயணத்தையே எழுதுகிறேன். விலைகளும் நேரங்களும் அன்றைய குறிப்புப் புத்தகத்தில் உள்ளவை. அவற்றை நம்பி இன்றைக்குப் புறப்பட்டுவிடாதீர்கள்.

என்னை ஓட இழுத்தவள் மரிசெல். பிலிப்பைன்ஸ்காரி, சனிக்கிழமைக் கணினி வகுப்பில் பக்கத்துக் கதிரை. நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு வீட்டிலேயே தங்கி இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. சொந்த மகன் ஜோயலை இரண்டு வயதில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். அவனுக்கு இப்போது ஆறு. எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். அவள் சொன்னதை என் பேச்சிலேயே எழுதுகிறேன். “போன் எடுத்தா என்ரை தங்கச்சியை அம்மா எண்டுறான், என்னை அன்ரி எண்டுறான்” என்று ஒருநாள் சொல்லிவிட்டு, தட்டச்சுப் பயிற்சியைத் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் விரல் ஓடவில்லை.

அவளுடைய ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை ஏரிக்கரையில் பத்துக் கிலோமீற்றர் ஓட்டம் வைப்பார்கள். அந்த வருடம் பயண முகவர் ஒருவர் குலுக்கலுக்கு மனிலா போய்வர ஒரு விமானச் சீட்டுக் கொடுத்திருந்தார். ஓடி முடித்தவர்களின் இலக்கங்களை ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்குவார்கள். இலக்கம் விழுந்தவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் முன்னால் வராவிட்டால் வேறு இலக்கம் எடுப்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி ஆள் ஓடி வந்து கோட்டைத் தொடும்வரை சாப்பாட்டுச் சட்டிகளின் மூடியைத் திறக்கமாட்டார்கள், குலுக்கலையும் தொடங்கமாட்டார்கள்.

மரிசெலுக்கு அன்று அரைநாள்தான் லீவு. பன்னிரண்டரைக்கு வேலை வீட்டில் நிற்க வேண்டும். போன மாதம் ஒருமுறை பிந்திப் போனதால், இன்னொருமுறை பிந்தினால் ஞாயிறு லீவே கிடையாது என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். “பதினொண்டேகாலுக்கு நான் வெளிக்கிட வேணும். வழக்கமாப் பதினொண்டுக்கெல்லாம் கடைசி ஆளும் வந்திடும்” என்றாள். அந்த வருடக் கடைசி ஆள் யார் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நுழைவுக் கட்டணம் எட்டு டொலர். ஒரு ரீசேட்டும் மதியச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். சப்பாத்து, பழைய சாமான் கடையில் நாலு டொலர். நான் தங்கியிருந்த வீட்டு அண்ணி சிரித்தாள். “ஓடுறதுக்கு எட்டு டொலரோ? பஸ்ஸைப் பிடிக்க நாளாந்தம் சும்மாதானே ஓடுறனீர்!”

ஞாயிறுகளில் அப்போது நிலத்தடி ரயில் ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். அதனால் ஏழு மணிக்கு எக்ளின்ரனில் விக்டோரியா பார்க் பஸ் எடுத்தேன். டான்ஃபோர்த்தில் இறங்கி மேற்கே போகும் பஸ், பிறகு உட்பைனில் தெற்கே ஏரிக்குப் போகும் பஸ். ஒரே மாற்றுச்சீட்டில் மூன்று பஸ், இரண்டு டொலர், ஒரு மணி பத்து நிமிடம். கடைசி பஸ்ஸில் நான் ஒருத்திதான். தெற்கே இறங்க இறங்க வீடுகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன. ஏரியிலிருந்து மூடுபனி மேலேறி வந்துகொண்டிருந்தது. சாரதி என்னைத் திரும்பிப் பார்த்து, “இதுக்குள்ளை எங்கை போறீர்?” என்று கேட்டார். ஓடப் போகிறேன் என்றேன். “ஏரிக்குள்ளை ஓடிப் போடாதையும்” என்று கதவைத் திறந்துவிட்டார்.

கரையில் இறங்கியதும் ஆட்களுக்கு முன்னால் சாப்பாட்டு வாசம்தான் வந்தது. பிறகு மடக்குக் கதிரைகள், பிறகு அறுபது எழுபது பேர். சந்தித்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது “சாப்பிட்டாச்சோ?” என்றுதான். வயதில் மூத்த ஆணைப் பெயருக்கு முன் ‘கூயா’ என்கிறார்கள், எங்கள் அண்ணை மாதிரி. ஒலிபெருக்கியோடு நின்ற கூயா ரொமெல் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர். அவர்தான் அன்றைய அறிவிப்பாளர். மரிசெல் என் நெஞ்சில் அறுபத்திரண்டாம் இலக்கத்தை நான்கு ஊசியால் குத்திவிட்டாள். அவளுடையது அறுபத்தொன்று. ஒன்பதுக்கு என்று போட்ட ஓட்டம் ஒன்பது முப்பத்திரண்டுக்குத் தொடங்கியது. எங்கள் கலியாண வீட்டு நேரம்தான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கரையோரம் நீளமாகப் பலகைப் பாதை. கிழக்கே இரண்டரைக் கிலோமீற்றர், தரையில் சோக்கட்டியால் கீறிய அம்புக்குறியில் திரும்பி இரண்டரை. அப்படி இரண்டு சுற்று. முதல் நூறு மீற்றருக்குள் எல்லோரும் பனிக்குள் கரைந்துவிட்டார்கள். பலகையில் விழும் கால்களின் சத்தம் மட்டும் முன்னால் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. வலப்பக்கம் ஏரி இருக்கிறதென்று அலை சொன்னது, கண்ணுக்கு ஒன்றுமில்லை. இடையிடையே ஒரு நாய், ஒரு வாங்கு, ஒரு குப்பைத்தொட்டி பக்கத்தில் வந்து, ஒரு விநாடி நின்று, போய்விடும். நான் ஓடுகிறேனா, பாதைதான் எனக்குக் கீழே ஓடுகிறதா என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் அது வேறு யாரோ வாங்குவது மாதிரி இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. அந்த நேரம் எனக்கு வழக்குத் தாள்களும் இல்லை, முறைப்பாடும் இல்லை, இரண்டு கால் மட்டும்தான் இருந்தன.

முதல் ஐந்து கிலோமீற்றர் நாற்பத்தைந்து நிமிடம். இரண்டாம் சுற்றில் எதிரே வந்த மரிசெல் என் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒருவரும் எதிரே வரவில்லை. ஏழரையாவது கிலோமீற்றரில், அம்புக்குறிக்குப் பக்கத்து வாங்கில், வயதான புருசனும் மனைவியும் கம்பளிச் சட்டையோடு இருந்தார்கள். கையில் தேத்தண்ணிப் போத்தல்.

“பிள்ளை, நில்லுங்கோ! தமிழ்தானே? ஏன் ஓடுறீங்கள்? ஏதும் பிரச்சினையோ?”

“இல்லை அங்கிள், இது ரேஸ்.”

அவர் எனக்கு முன்னாலும் பார்த்தார், பின்னாலும் பார்த்தார். பனியைத் தவிர ஒன்றும் இல்லை. “ரேஸோ? ஆரோடை?”

கையைக் காட்டிவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் பெரியவர்கள் நில் என்றால் நிற்காமல் போகிற தைரியம் எனக்கு இன்றைக்கும் வரவில்லை. அன்ரி, “வேர்த்து ஊத்துது, ஒரு வாய் குடியுங்கோ” என்று மூடியில் ஊற்றித் தந்துவிட்டா. அங்கிள் அடுத்த கேள்விக்கு வந்தார். “ஊரிலை எவடம்?”

“அளவெட்டி.”

“அளவெட்டியிலை ஆற்றை மகள்?”

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் எழும்பியே விட்டார். “தபால் கந்தோரிலை இருந்த மனுசனோ! முத்திரையை ஆரும் நாக்காலை நக்கினாப் பேச்சு விழும். எல்லாருக்கும் ஈரத் துணி நீட்டுவார்!”

ஓம், அது என் அப்பாதான். போன வருடம் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். அவர் மெல்ல இருந்துகொண்டு, அப்பாவைப் பற்றி நான் அறியாத கதைகளைச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பனிக்குள் அப்பா ஈரத் துணியோடு பக்கத்தில் நின்றார் என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டியதில்லை. நான் நேரத்தை மறந்தேன். ஓட்டத்தையும் மறந்தேன்.

“செத்தவீட்டுக்குப் போனனீங்களோ, பிள்ளை?” என்று அன்ரி கேட்டா.

“இல்லை அன்ரி. அகதி வழக்கு முடியேல்லை. போனாத் திரும்பி வரேலாது.”

சொல்லி முடிக்கும்போதே மரிசெலின் முகம் வந்துவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து ஐம்பத்துமூன்று. பதினான்கு நிமிடம் நின்றிருக்கிறேன். அங்கே அறுபது பேர் மூடிய சட்டிகளுக்கு முன்னால் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒருத்திக்குப் பதினொன்றேகாலுக்குப் போக வேண்டும்.

“அங்கிள், நான் ஓட வேணும்” என்றேன். கால்கள் இறுகிவிட்டிருந்தன. இரண்டரைக் கிலோமீற்றருக்கு அரைமணிக்கு மேல் ஆனது. பனி விலகிக்கொண்டிருந்தது, ஏரி நீலமாக, வெட்கமில்லாமல் அழகாக இருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

கோட்டைத் தொட்டபோது பதினொன்று இருபத்தைந்து. எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். நான் மரிசெலைத் தேடினேன். பத்து நிமிடத்துக்கு முன் போய்விட்டாள் என்றார்கள். குயீன் வீதியில் ஸ்ட்ரீட்கார் எடுத்து, அந்தத் தண்டவாளத்திலேயே மேற்குவரை போவாள். மன்னிப்புக் கேட்க அவளை எப்படியும் பிடிக்கலாம், முதலில் குலுக்கல் முடியட்டும் என்று யாரோ சொன்னார். கூயா ரொமெல் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்து, படித்து, ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார்.

“அறுபத்தொண்டு” என்றார், மெல்ல.

டொடொங் என்ற பொடியன், அன்றைக்கு முதலாவதாக வந்தவன், கையிலிருந்த வாழைப்பழத்தைக் கதிரையில் வைத்துவிட்டு ஓடத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் நாலு பேர், பத்துப் பேர், பிறகு எல்லோரும். கூயா ரொமெலுக்குச் சட்டமும் முக்கியம். “ஒண்டு” என்று எண்ணிவிட்டு, நூடில்ஸ் சமைத்தவருக்கு நன்றி சொன்னார். “இரண்டு” என்று சொல்லிவிட்டு, கதிரை கொண்டுவந்தவருக்கும் கதிரைக்கு வான் தந்தவருக்கும் நன்றி சொன்னார். எனக்குப் பின்னால் அந்த ஒலிபெருக்கி தேய்ந்துகொண்டே வந்தது. நானும் ஓடினேன். இனி ஓர் அடியும் வைக்கமாட்டேன் என்று நின்ற கால்கள் எங்கிருந்து புறப்பட்டன என்று தெரியாது.

குயீன் வீதிக்கு அறுநூறு மீற்றர். நாங்கள் மூலைக்கு வர, ஸ்ட்ரீட்கார் அவளையும் ஏற்றிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தது. ரொறன்ரோவில் இருந்தவர்களுக்குத் தெரியும், குயீன் வீதி ஸ்ட்ரீட்கார் ஒவ்வொரு மூலையிலும் நிற்கும். அதைத் திட்டாதவர்கள் இந்த ஊரில் இல்லை. அன்றைக்கு நான் அதைக் கும்பிட்டேன். நெஞ்சில் இலக்கத்தோடு முழு ஓட்டமும் நடைபாதையால் ஓட, கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். கொக்ஸ்வெல் சிவப்பு விளக்கில் டொடொங் முன்கதவைத் தட்டினான். சாரதி கதவைத் திறந்து எங்கள் எல்லோரையும் பார்த்து, “ரேஸை இஞ்சாலை திருப்பிப் போட்டினமோ?” என்று கேட்டாராம்.

மரிசெல் இறங்கினாள். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாளாம். அவளை நடுவில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினோம். கூயா ரொமெல் அப்போது எட்டில் நின்றார்; பார்க் குருவிகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். சீட்டை வாங்கியதும், கதிரை வந்த வானிலேயே அவளைக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு வேலை வீட்டு வாசல். முன்னமே ஏன் வான் கேட்கவில்லை என்று அடுத்த சனிக்கிழமை கேட்டேன். “எல்லாரும் உனக்காகச் சாப்பிடாமல் நிக்கேக்கை, எனக்காக ஒரு ஆளை எப்பிடி எழுப்பிறது?” என்றாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். தட்டச்சு அடி என்றாள்.

ஓடப் போகிறவர்களுக்கு என் ஆலோசனை கொஞ்சம்தான். பலகைப் பாதை முழங்காலுக்கு இதமானது. இலையுதிர் காலம் தொடங்கும்போது போங்கள், மேலங்கியைக் கடைசி நிமிடம்வரை கழற்றாதீர்கள். அம்புக்குறிக்குப் பக்கத்து வாங்கில் தமிழர் இருந்து நில் என்றால், நான் நில்லாதே என்று சொல்லமாட்டேன். மணிக்கூட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வர ஸ்ட்ரீட்கார் உண்டு. தவறவிட்டாலும் பிடித்துவிடலாம்.

டிசெம்பரில் மரிசெல் மூன்று கிழமைக்குப் போனாள். மனிலாவிலிருந்து ஒரு கடிதமும் படமும் வந்தன. படத்தில் ஜோயல், அறுபத்தொன்றாம் இலக்கத்தைத் தலைகீழாக நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறான். முதல் மூன்று நாளும் தங்கைக்குப் பின்னால் ஒளிந்திருந்தானாம். கடிதத்தின் கடைசி வரிகள் எனக்கு இன்னும் பாடம்: “இப்பவும் அன்ரி எண்டுதான் கூப்பிடுறான், வாணி. ஆனா ஓடி வந்து கூப்பிடுறான்.”