அந்தக் கைம்பெண் ஏன் போனாள்?

செய்தி ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. காம்பார் பல்கலைக்கழகத்தில் வகுப்பை முடித்துவிட்டு வெள்ளைப் பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் சுப்பையா அண்ணனின் குரல்பதிவு. மேரிக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் அவர். எப்போதும் தேவைக்கு மேல் பேசுகிறவர், அன்று சில விநாடிகள்தான் பேசியிருந்தார். "டீச்சர், மேரிக்கா போயிட்டாங்க. அஸ்பத்திரியிலதான். மத்தியானம் வீட்டுக்குக் கொண்டு வாராங்க." அதை நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. பலகையில் மீதமிருந்த எழுத்துகளையும் அழித்த பிறகே அறையை விட்டு வெளியே வந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நீங்கள் அச்சிடும் மலருக்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டீர்கள். நான் உங்கள் மாதா கோயிலைச் சேர்ந்தவள் அல்ல. எந்தக் கோயிலுக்கும் போகிறவளும் அல்ல. கல்லறை கேட் விஷயத்தில் அவரோடு அலைந்தவள் என்பதால் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், ஆனால் முழுவதும் தெரியாது. எனக்கே போன மாதம்தான் முழுவதும் தெரிந்தது.

ஆரோக்கியமேரி என்ற பெயரை நான் மனுவில்தான் முதலில் எழுதினேன். அதற்கு முன்பும் பின்பும் அவர் மேரிக்காதான். ரப்பர் தோட்டம் இருந்தவரை பால்மரம் வெட்டினார். தோட்டத்தை விற்றதும் பத்து காஜா ஊர்ப் பக்கம் மலிவு விலை வீட்டுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் பாத்திரம் கழுவினார். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகன் சிங்கப்பூரில். என் அப்பா அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு என்னை அதிகம் விளையாட விடாதவர். அதை மேரிக்கா முதல் சந்திப்பிலேயே நினைவுபடுத்தினார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் ஈப்போவில் என் வீட்டைத் தேடி வந்தார். தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம் வேலி போட்டு, கல்லறைக்குப் போகும் மண்பாதையில் கேட் வைத்துப் பூட்டியிருந்தது. தீபாவளிக்கு முன் எங்கள் ஆட்களும், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு உங்கள் ஆட்களும் போய்ப் புல் வெட்டி மெழுகுவத்தி ஏற்றுவது அந்தத் தோட்டத்து வழக்கம். வருடம் போகப் போக யார் எதற்கு வருகிறார்கள் என்ற கணக்கும் இல்லாமல் போனது. மாரியாயி என்று பெயர் எழுதிய குழிமேட்டிலும் நவம்பரில் மெழுகுவத்தி எரியும்.

"உங்க அப்பாவும் அங்கதானே டீச்சர் படுத்திருக்காரு. மலாய்ல ஒரு சுராட் எழுதிக் குடுங்க. நம்ம ஆளுங்க எழுதினா அவன் படிக்கவே மாட்டான்லா" என்றார். பதினொரு வருடமாக அப்பாவின் கல்லறைக்குப் போகாதவள் நான். அதைச் சொல்லாமல் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன்.

கடிதத்தை நேரில் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தோம். பதில் கேட்க அடுத்த வியாழக்கிழமை போனோம். அதற்கடுத்த வியாழனும் போனோம். ஈப்போவில் ஒரு கடைவரிசையின் மாடியில் அந்த நிறுவனத்தின் அலுவலகம். மேலாளர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பார், நாங்கள் வெளியே சோபாவில் உட்கார்ந்திருப்போம். வரவேற்பு மேசையில் இருந்த சீனப் பெண் முதல் வாரம் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் மேரிக்கா அவளுக்கு உளுந்து வடை கொண்டு வந்தார். மூன்றாம் வாரம் அவள் அம்மாவின் முழங்கால் வலி எங்களுக்குத் தெரிந்தது. ஐந்தாம் வாரம் எங்களுக்குத் தேநீர் வந்தது. நான் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். "டீச்சர் சிரிச்சா பல்லு கொட்டிருமா?" என்று மேரிக்கா எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு நாள் கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தாள்.

ஒரு வியாழன் மேலாளர் விடுமுறையில் கோலாலம்பூர் போய்விட்டார் என்று வாசலிலேயே சொன்னார்கள். நான் திரும்பினேன். மேரிக்கா போய்ச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "வந்தது வந்தாச்சு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்" என்றார். இரண்டு மணி நேரம் இருந்தோம். அதை நான் ஒரு போராட்ட உத்தி என்று நினைத்தேன். ஆள் இல்லாவிட்டாலும் வருவோம் என்று காட்டுகிறார், நல்ல யோசனை என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன்.

அக்டோபர் மாதம் சாவி கிடைத்தது. மேலாளர் தானே வெளியே வந்து, மேசைமேல் அதை வைத்துவிட்டு மலாயில் ஒன்று சொன்னார்: வருடம் முழுவதும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஆன்டி இனி வியாழக்கிழமை வராமல் இருந்தால் சரி. எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். தொல்லை விட்டால் போதும் என்று கொடுத்திருக்கிறார்.

கீழே இறங்கிச் சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். என் கோபத்தைச் சொன்னேன். மேரிக்கா தே தாரிக் டீயை ஊதிக்கொண்டே, இயேசு சொன்ன ஒரு கதை இதே மாதிரி இருக்கிறது என்றார். ஓர் ஊரில் ஒரு நடுவர். கடவுளுக்கும் பயப்படாதவன், மனிதரையும் மதிக்காதவன். ஒரு கைம்பெண் நியாயம் கேட்டு அவனிடம் ஓயாமல் போய் நிற்கிறாள். கடைசியில் அவள் நச்சரிப்புத் தாங்காமல்தான் அவன் தீர்ப்புச் சொல்கிறான். இப்படிப்பட்டவனே கொடுக்கிறான் என்றால் கடவுள் கொடுக்க மாட்டாரா என்று சாமியார் விளக்கம் சொல்வாராம்.

"அப்போ அது நியாயமே இல்லையே. அவர் மனசில ஒரு நல்லதும் இல்லையே" என்றேன்.

"கேட்டு தொறந்திருச்சு. உள்ள போறவங்களுக்கு அவன் மனசு எதுக்குலா?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு செயலை அதன் நோக்கத்தை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு ஓர் உறுதி இருந்தது. மேரிக்கா டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாரும் அந்த நடுவர் மனசத்தான் நோண்டுறாங்க டீச்சர். அந்தப் பொம்பள எதுக்கு அத்தன தடவ போனான்னு ஒருத்தரும் கேக்கல."

"நியாயம் கிடைக்கத்தான்."

"இருக்கலாம். வீட்டுல அவகூட பேச யாரு இருந்தா?"

கதையில் அப்படி எதுவும் இல்லையே என்றேன். மாணவர்களின் கட்டுரை ஓரத்தில் எழுதுவது போன்ற பதில். அவர் வாதாடவில்லை. செத்துப்போன தன் புருஷனுக்காகத்தான் இத்தனை அலைச்சல் என்று கோயிலில் பெருமையாகப் பேசுகிறார்கள், அந்த மனிதன் உயிரோடு இருந்தபோது தானும் அவரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்பது உண்மைதான்.

அந்த நவம்பர் இரண்டாம் தேதியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். எத்தனை பேர் வந்தார்கள், எப்படி மழை விட்டு எல்லா மெழுகுவத்தியும் எரிந்தது என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நானும் அப்பாவுக்கு ஒன்று ஏற்றினேன். மேரிக்கா ஒவ்வொரு குழிமேடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கையை ஆட்டினார். நானும் ஆட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சந்திக்கக் காரணம் இல்லை. இதை எழுதும்போது எவ்வளவு முட்டாள்தனமாகத் தெரிகிறதோ, அன்றைக்கு அவ்வளவு இயல்பாகத் தெரிந்தது. நான் தனியாக வாழ்கிறவள். ஒருவர் வீட்டுக்குச் சும்மா போய் உட்காரும் பழக்கம் எங்கள் கிராணி வீட்டில் யாருக்கும் இல்லை. வேலை இருந்தால் போவோம், முடிந்ததும் எழுந்துவிடுவோம். மேரிக்காவும் என்னிடம் சும்மா வரத் தயங்கினார் என்று நினைக்கிறேன். படித்தவள் வீட்டுக்கு ஒரு மனுவோடுதான் போக வேண்டும் என்று அவருக்கும் யாரோ சிறுவயதில் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் அவர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டு முன்னால் தெருவிளக்கு எரியவில்லை, நகராட்சி மன்றத்துக்கு ஒரு சுராட் எழுத வேண்டும், நான் வந்து இடத்தைப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும் என்றார். தேர்வுத்தாள்கள் குவிந்திருந்த வாரம் அது. பொய்யில்லை. விவரத்தைச் சொல்லுங்கள், எழுதிக் கைப்பேசிக்கு அனுப்புகிறேன், யாரிடமாவது கொடுத்து அச்செடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்றைக்கே அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து, இன்னும் சரிசெய்யவில்லை என்று மறுபடி அழைத்தார். அப்போது மாநாடு. கொஞ்சம் கடுமையான மொழியில் இரண்டாம் கடிதம் அனுப்பினேன். இந்த வருடத் தொடக்கத்தில் மூன்றாவது. அதில் முந்தைய இரண்டு கடிதங்களின் தேதியையும் குறிப்பிட்டு, பதில் இல்லாதது வருத்தமளிக்கிறது என்று எழுதினேன். இவ்வளவு வேகமாக எழுதித் தருவதற்கு அவர் நன்றி சொன்னார். "டீச்சருக்கு எப்பவும் வேலதான்" என்றார். அதில் குறை எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

குளியலறையில் விழுந்து, இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அதுவும் எனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை மாலை அவர் வீட்டுக்கு முதல் முறையாகப் போனேன். முகவரி மூன்று கடிதங்களிலும் இருந்ததால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இருட்டத் தொடங்கியதும் வீட்டு முன்னாலிருந்த தெருவிளக்கு எரிந்தது. நல்ல வெளிச்சம். சுப்பையா அண்ணனிடம், ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"எத டீச்சர்?"

"இந்த லைட்டு. ஒன்றரை வருசமா எரியலைன்னு மேரிக்கா சொன்னாங்க. மன்றத்துக்கு எழுதினோமே."

அவர் விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எரியாம இருந்ததே இல்லையே. எங்க ரூமு சன்னல்ல அடிக்குதுன்னு நான்தான் திர போட்டு வச்சிருக்கேன்." பிறகு, ஒரு மூத்த மனிதரின் மறதியை மூடிவைக்கும் குரலில், "வயசாயிருச்சுலா" என்றார்.

நான் ஆமாம் என்றேன். மேரிக்காவுக்கு மறதி கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

அவர் எதற்காக அந்த அலுவலகச் சோபாவில் அத்தனை வியாழக்கிழமை உட்கார்ந்தார் என்று நான் இப்போது தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கல்லறைக்காகவும்தான். ஆனால் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதம் வியாழக்கிழமை எனக்கு வகுப்பு வேண்டாம் என்று துறையில் கேட்டு மாற்றிக்கொண்டேன். ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு வர அது தேவையில்லை. அப்பாவின் கல்லறைக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவி கிடைத்த அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி, இனி அடுத்த வாரம் எங்கே போவது என்பதாக இருந்திருக்கலாம். நோக்கத்தை எடை போடுகிறவள் என் நோக்கத்தைத் தட்டில் வைக்கவே இல்லை.

மேரிக்காவுடையது என்று என்னிடம் பொருள் எதுவும் இல்லை. அந்த மூன்று கடிதங்கள் மட்டும் என் மடிக்கணினியில் இருக்கின்றன. மேரிக்காவின் கைப்பேசியைத் தாண்டி எங்கும் போகாதவை. மூன்றும் பிழையில்லாத மலாய். நடுவில் உள்ளதெல்லாம் என் வாக்கியங்கள். கடைசி வரியை மட்டும் மூன்று முறையும் அவர்தான் தொலைபேசியில் சொன்னார். நான் அலுவல் மொழிக்கு மாற்றினேன். அவர் சொன்னபடியே இங்கே எழுதிவைக்கிறேன்: "வேற ஒன்னும் வேணாம், ஒரு தடவ நேர்ல வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."