பின்லாந்து உலையும் தம்பியின் மொழிபெயர்ப்பும்

காலை பத்தே முக்கால். டீ குடித்தபடி என் தம்பி சொன்னான்: "நீ குடுத்த புக்குல ஒரு பக்கம் மட்டும் செம பேஜாரு அக்கா. செவப்புக் கட்டம் போட்டு இன்னாவோ எழுதிகீறான். வுட்டுட்டேன்."

உருகிய உப்பில் இரும்பைப் பதப்படுத்தும் பழைய பின்லாந்து உலையை, திருவொற்றியூர்ப் பட்டறையில் அன்று பதினொரு மணிக்குத்தான் என் மகள் முதன்முதலாக மூட்டுகிறாள். அதன் கையேடு பின்னிஷ் மொழியில் இருந்தது. ஆங்கிலமாக்க ஆள் தேடி அலைந்தோம். மொழி தெரிந்தவர்களுக்கு உலோகவியல் தெரியவில்லை. பின்லாந்துக் கப்பலில் பல வருடம் வேலை பார்த்த தம்பி இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நான்தான் அவனிடம் கொடுத்தேன்.

சிவப்புக் கட்டம் என்றால் அபாயம் அல்லவா? மகளின் போன் அடித்து ஓய்ந்தது. பட்டறைக்குள் போனுக்கு அனுமதியில்லை. ஆட்டோ பிடித்தேன். எண்ணூர் சாலையை டிரெய்லர் லாரிகள் அடைத்திருந்தன.

"வண்டி பறக்குமா இன்னா? குந்துமா!" என்றார் ஓட்டுநர். இறங்கி ஓடினேன்.

இப்போது உலோகவியல் படித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைத்திருக்கிறார். ஈர இரும்பை இறக்கினால் உப்பு வெடித்துச் சிதறும் என்பதுதான் தம்பி விட்ட பக்கத்தில் இருந்ததாம். அவர் பார்க்காத தாளை மகளிடம் தருவதில்லை.

அன்று பட்டறை வாசலில் நின்று கதறினேன். மகளே வெளியே வந்தாள். "அஞ்சாம் பக்கத்துக்கு அப்புறம் ஏழு வருது. ஆறு எங்கம்மா? அதான் இன்னும் மூட்டல" என்றாள்.