வெளுத்துத் தெரிந்த திராட்சை இலை

தேனியில் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது என் பிழைப்பு. திருடனைப் பிடிக்க ஊர் வாங்கும் கேமராவில் நான் வானத்தைப் பார்க்கத் தொடங்கினேன். கிறுக்குத்தனம்தான். லென்ஸைக் கழற்றி, உள்ளே சென்சாரை மறைத்திருக்கும் சின்னக் கண்ணாடித் துண்டையும் எடுத்துவிட்டு, பிவிசி குழாய் வைத்துத் தொலைநோக்கியில் பொருத்துவேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அது. எடுத்துவிட்டால் வானத்தின் மங்கல் வெளிச்சம்கூட டிவியில் தெரியும்.

அக்காவின் கணவருக்குக் காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். கால் முறிந்து மூன்று மாதமாக எங்கள் வீட்டில்தான் படுக்கை. நான் மாட்டிய கேமரா வழியாகப் போனில்தான் தோட்டத்தைப் பார்ப்பார். "அறுப்பன்னைக்குக் கட்டிலோடயாவது தூக்கிட்டுப் போங்கடா" என்பார். அவருக்கு வேறு நினைப்பே கிடையாது.

அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் இடி விழுந்து தோட்டத்துக் கேமரா போனது. கடையில் வேறு இருப்பு இல்லை. வானம் பார்த்த கேமராவில் லென்ஸை மட்டும் மறுபடி மாட்டிக் கொண்டுபோய்க் கட்டினேன். கண்ணாடித் துண்டைத் தேடச் சோம்பல். அது இல்லாவிட்டால் பகலில் பச்சை இலை வெளுத்துத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். திருடன் எந்த நிறத்தில் தெரிந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, தோட்டத்துல சாம்பல் நோய்டா. இலையெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ஒன் மச்சான் போன்ல பாத்துட்டு மருந்தடிக்கச் சொல்லி, அடிச்சும் முடிச்சாச்சு."

இலை நல்லாத்தானே இருக்கு என்றாராம் தோட்டத்து வேலையாள். "கேமராவுல பளிச்சுன்னு தெரியுது, நீ என்னய்யா கதை விடுற" என்று மச்சான் அதட்டியிருக்கிறார்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். இலை பச்சைப் பசேலென்று இருந்தது. பழுத்த குலைகளில்தான் மருந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. விலை பேசி வைத்திருந்த வியாபாரி ஒரு பழத்தை முகர்ந்தார். "இத எவன் திம்பான்?" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் மச்சான் சிரித்த முகமாக இருக்கிறார். "நல்ல வேளை மாப்ளே. ஒன் கேமரா இல்லேன்னா தோட்டமே போயிருக்கும்."

அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடை மேசை இழுப்பறையில் கிடந்த கண்ணாடித் துண்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். வியாபாரி போனது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீயெல்லாம் ஒரு தம்பியாடா!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மச்சான் விரல் நகமளவு கண்ணாடியை ஜன்னல் பக்கம் தூக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"இதக் கழத்திட்டு, வானத்துல அப்படி என்னதான்டா பாத்த?"

"புகை மாதிரி ஒண்ணு, மச்சான். வெள்ளையா."

"அவ்வளவுதானா?" என்றார்.