பிரிவு ஏழும் ஒரு சித்தப்பாவும்

டெண்டர் திறந்த அறையில் தியாகராஜா வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவே வினையாகிப் போனது.

கண்டி நகரில் உள்ள அந்த அரசாங்கக் கட்டடத்தை நான்கு வருடமாகச் சுத்தம் செய்வது அவருடைய ஆட்கள். மஹய்யாவையில் ஒரு மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளிக்குப் பிறந்து, சொந்தப் பெயரில் நிறுவனம் பதிந்து, ஆறு பெண்களுக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு வந்தவர். ஒப்பந்தம் முடிவதால் மறுபடி விண்ணப்பித்திருந்தார். அன்று காலை மூன்று போட்டியாளர்களின் முன்னிலையில் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பராமரிப்புப் பகுதிப் பொன்னையா ஒரு பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தினமும் துப்புரவு வேலையைப் பார்த்துக் கையெழுத்து வைப்பவர் அவர்தான்.

"என்ன சித்தப்பா, காய்ச்சல் விட்டுருச்சா?" என்றார் தியாகராஜா.

எதிரே இருந்த போட்டிக் கம்பனி முகாமையாளர் நிமிர்ந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்த மனிதர். "சித்தப்பா என்றால் பாப்பாதானே?" என்று சிங்களத்தில் சபையைப் பார்த்துக் கேட்டார். சிங்களத்தில் அப்பாவின் தம்பி 'பாப்பா'. ஐம்பத்தெட்டு வயதுப் பாப்பாவை நினைத்துத் தமிழ் தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தியாகராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விண்ணப்பத்தின் ஏழாம் பிரிவு இப்படி இருந்தது: 'இந்நிறுவனத்தில் எனது உறவினர் எவரும் பணிபுரியவில்லை.' கீழே அவருடைய கையெழுத்து, முத்திரையோடு. அது பொய்யென்று முடிவானால் விண்ணப்பம் தள்ளுபடி. பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். பிறகு எந்த அரசாங்க வாசலிலும் விளக்குமாற்றோடு போய் நிற்க முடியாது.

நிர்வாக உத்தியோகத்தர் நிலூஷா அவரைத் தாழ்வாரத்தில் மறித்தார். பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து அந்தக் கதிரைக்கு வந்த தமிழ்ப் பிள்ளை.

"அண்ணே, நாளைக்கு மூணு மணிக்குள்ள ஒரு சத்தியக் கடதாசி கொண்டு வாங்க. உறவா இல்லையான்னு எழுதணும்."

"நம்ம பக்கத்துல பெரியவங்க எல்லாருமே சித்தப்பா, மாமாதானேம்மா. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தோட்டத்துல நான் மாமான்னு கூப்பிட்ட ஆளுங்களுக்குக் கணக்கே இல்ல. ஆனா அதை நான் எடுத்துச் சொன்னா, நானும் ஒங்க ஆளுன்னு எழுதிருவாங்க. இப்ப அண்ணேன்னு கூப்பிட்டதே தப்பு. போங்க."

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தார். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"பொன்னையா நமக்கு என்ன வழியில சித்தப்பா?" என்று மனைவி யசோதாவைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நீங்க கூப்பிட்டீங்க, நானும் மாமான்னு கூப்பிட்டேன். போய் அவருகிட்டயே கேளுங்க. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே தரையைத் தேய்ச்சிருவீங்க போல."

வெயில் சாய முன்னரே பொன்னையாவின் வீட்டுக்குப் போனார்.

"சொந்தம்தான்டா," என்றார் பொன்னையா, சாதாரணமாக. "உங்கப்பனைப் பெத்தவளும் என்னைப் பெத்தவளும் அக்கா தங்கச்சி மக்க. தெல்தோட்டையிலருந்து ஒண்ணாத்தான் இங்க வந்தாளுக. உங்கப்பன் சொல்லலியா?"

தியாகராஜா ஏழாம் பிரிவில் தான் போட்ட கையெழுத்தைச் சொன்னார்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? எவன் கண்டான்? இல்லைன்னு எழுதிக் குடு."

"சத்தியக் கடதாசி, சித்தப்பா."

"நாலு வருசமா ஒன் வேலைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒருநாளாவது அழுக்கைப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு எழுதினேனா?"

"இல்ல."

"அப்புறம்? நீ உறவுன்னு எழுதினா அத்தனையும் களவுக் கையெழுத்தாப் போயிடும்டா. எனக்குப் பென்சனுக்கு ரெண்டு வருசம் இருக்கு."

மறுநாள் காலை சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானின் மேசை முன்னால் இரண்டு தடவை வரிசையில் நின்று, இரண்டு தடவையும் முறை வருமுன் விலகி வெளியே வந்தார். வாவிக் கரையில் பாதி தூரம் நடந்து திரும்பினார். கறுப்புப் பட்டியலை நினைத்தால் இல்லையென்று எழுதிவிடத் தோன்றியது. பொன்னையாவின் முகத்தை நினைத்தாலும் அப்படித்தான். விண்ணப்பத்தில் போட்டது தெரியாமல் போட்ட கையெழுத்து. இன்று இல்லையென்று போட்டால் தெரிந்தே போட்டதாகிவிடும். அந்த ஒன்றைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. மூன்றாவது தடவை வரிசையில் நின்றார். 'தூரத்து உறவு உண்டு. நேற்று மாலைதான் அறிந்தேன்' என்று எழுதச் சொன்னார்.

நிலூஷா வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "நேத்துத்தானா?"

"நேத்துத்தான், மெடம்."

"நம்புவாங்களான்னு தெரியல," என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் தொலைபேசி எப்போது அடித்தாலும் ஓடிப்போய் எடுத்தார். "அண்ணே, வேலை இருக்கா இல்லையா?" என்று ஆறு பெண்களும் தினமும் கேட்டார்கள். பிறகு கடிதம் வந்தது. விதிகள் சொல்லும் நெருங்கிய உறவுக்குள் இது அடங்காது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது, ஒப்பந்தம் அவருக்கே. ஆனால் வேலையைச் சரிபார்ப்பது இனி வேறொருவர். நான்கு வருடத்துப் பதிவுப் புத்தகங்கள் கணக்காய்வுக்குப் போகும். பொன்னையாவுக்குக் கட்டுகஸ்தோட்டைக் கிளைக்கு மாற்றம்.

யசோதா கடிதத்தைச் சாமிப் படத்தடியில் வைக்கப் போனார். தியாகராஜா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பொன்னையா வீட்டுக் கதவைப் பாதி திறந்தது அவருடைய மனைவி. "தூங்குறாரு தம்பி."

மாலை ஐந்து மணி. உள்ளே டிவியின் சத்தத்தை யாரோ கூட்டினார்கள். தியாகராஜா, "சரி, எழும்பட்டும்," என்று சொல்லிப் படியிலேயே நின்றார்.