வருடத்தில் ஒருநாள் வேலையில்லாத பாலன்

எங்கள் அக்ரஹாரத் தெருவில் வருடத்துக்கு ஒரே ஒருநாள் மட்டும் வேலையில்லாமல் இருந்த மனிதர் பாலன்தான். மற்ற நாளெல்லாம், பல்கலைக்கழகத்தில் அரசாங்கப் பணத்தில் நடந்த ஒரு ரத்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் உதவியாளர். கொள்ளேகாலத்துக்காரர். மலையூர்களுக்கு ஜீப்பில் போய், ஊசியைக் கண்டு ஓடுகிறவர்களிடம் பேசிப் பேசி, ரத்தம் கொடுக்க வைப்பது அவர் வேலை. ஒருமுறை மரமேறிக்கொண்ட கெம்பையன் என்ற பெரியவரை இறக்க இவரும் ஏறி, கிளையில் வைத்தே ரத்தம் எடுத்தார் என்பார்கள். என்பார்கள் என்ன, தெரு முழுக்கச் சொன்னதே நான்தான்.

வேலை தற்காலிகம். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். ஆராய்ச்சிக்கு டெல்லி பணம் தரும்வரை சம்பளம். விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரமாக்கு என்று கேட்டுவிடுவாரே! அதனால் ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஒருநாள் நிறுத்திவிட்டு, மறுநாள் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒருநாளில் பாலன் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்க் காவேரியில் முங்கி, ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வருவார். அன்று காலை மனைவி பாப்பாயி காபியைப் பாதி டம்ளர்தான் கொடுப்பாள். "வேலையில்லாத ஆளுக்கு இது போதுமுங்க."

1996 அக்டோபரில் அந்தக் கேலி நின்றது. ஆராய்ச்சிகளுக்குத் தொடர்ந்து பணம் தரலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி. தரமாட்டோம் என்றுவிட்டால், வரும் மார்ச்சில் தொடங்குகிற அந்த ஒருநாள் முடியவே முடியாது.

அதில் ஒரு சிக்கல். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின் இவர்கள் கூடத்தில் எரிந்துபோயிருந்தது. ரிப்பேருக்குப் பணம் கேட்டு எழுதினால் பதிலே இல்லை. பக்கத்துத் துறையில் அதேபோல ஒன்று உண்டு. அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் பாலன் அங்கே ரத்தக் குழாய்களைக் கொண்டுபோய்ச் சுற்றி எடுத்துவருவார். ஆனால் மெஷினே இல்லாத கூடத்துக்கு யார் பணம் தருவார்கள்? பெண் பார்க்க வருகிற அன்று பக்கத்து வீட்டு நெக்லஸை வாங்கி மாட்டிவிடுவதில்லையா? கூடத்துப் பேராசிரியர் திருநாராயணனும் பக்கத்துத் துறைத் தலைவர் லிங்கப்பாவும் அதைத்தான் செய்தார்கள். காலையில் குழு லிங்கப்பா துறையைப் பார்க்கும். பிறகு பிஸிபேளேபாத் சாப்பிடும். அது முடிவதற்குள் பாலன் மெஷினைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும்.

தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம்தான் பார்த்தார். ஆயுதபூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மெஷினின் நெற்றி நிறைய லிங்கப்பா வீட்டு விபூதி, மூன்று பட்டை. திருநாராயணன் கூடத்திலோ தராசு, அலமாரி, பெஞ்சு எல்லாவற்றுக்கும் நாமம். இது மட்டும் வேற்றாளாகத் தெரியுமே! பாலன் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். பளிச்சென்று ஆனது. மேலே அழகாக ஒரு நாமம் சாத்தினார்.

குழுத் தலைவி டாக்டர் ஆண்டாள், கும்பகோணத்தில் பிறந்தவர். மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடியது. ஓட ஓடச் சூடேறி ஈரம் காய்ந்தது. விபூதி பூசுகிறவர்களுக்குத் தெரியும், நனைந்திருக்கும்போது அது கண்ணில் படாது, காய்ந்தால்தான் வெளுக்கும். நாமத்துக்குக் குறுக்கே மூன்று பட்டைகளும் நிதானமாக எழுந்து வந்தன.

"காலையில அந்தப் பக்கம் பாத்தப்போ இவர் சைவரா இருந்தாரே?" என்றார் டாக்டர் ஆண்டாள். "நாங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள மனசு மாறிட்டாரா?"

திருநாராயணனுக்கு இருமல் வந்துவிட்டது. குழுவோடு வந்திருந்த லிங்கப்பா ஜன்னல் வழியே சாமுண்டி மலையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யாருப்பா மாத்தினது?"

"நான்தானுங்க மேடம்." பாலன் முன்னால் வந்தார். "எங்க மெஷின் எரிஞ்சு ரெண்டு வருசமாச்சுங்க. மெஷின் இல்லீன்னா பணம் இல்லீம்பீங்க. பணம் இல்லீன்னா நான் இல்லீங்களே."

"ரெண்டு வருஷமா ரத்தத்தை எப்படிப் பிரிச்சீங்க?"

"அவங்க சாப்பிடப் போறப்ப அங்க போய் ஓட்டிக்குவேனுங்க."

"நீங்க எப்போ சாப்பிடுவீங்க?"

"மெஷின் நின்னதுக்கப்புறமுங்க."

டாக்டர் ஆண்டாள் சிரித்துவிட்டார். உடன் வந்த வடக்கத்திக்காரர்களுக்கு நாமத்தையும் பட்டையையும் விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் குடிக்க வந்த டீ ஆறிவிட்டது. பிறகு சொன்னார்: "ஒரே மெஷின்ல ரெண்டு துறையும் ஓடியிருக்கு. அப்போ இன்னொண்ணு எதுக்கு?"

வேலை போச்சு என்று நினைத்தார் பாலன். நாமத்தைச் சாத்தியதும் இவர், வாயைத் திறந்ததும் இவர்.

"ஆனா தள்ளறதுக்கும் ஓட்டறதுக்கும் இவர் வேணும். ரெண்டு துறையும் பாதிப் பாதி சம்பளம் குடுக்கட்டும்."

டிசம்பரில் உத்தரவு வந்தது. புது மெஷின் கிடையாது. ஆராய்ச்சிக்கு இன்னும் மூன்று வருடம் பணம் உண்டு. பாலன் இரண்டு துறைக்கும் பொது. வேலை மட்டும் பழையபடி தற்காலிகம்.

ஆகவே மார்ச்சில் இரண்டு துறையும் அவரை ஒருநாள் நிறுத்தியாக வேண்டும். இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால்தானே? ஒன்று ஒருநாள் நிறுத்தியது, மற்றது அதற்கு அடுத்த நாள் நிறுத்தியது. இரண்டு நாளும் பாலன் பாதி வேலையில் இருந்தார். முழுசாக வேலையில்லாத நாள் என்று அந்த வருடம் அவருக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை.

"ஸ்ரீரங்கப்பட்டணம் போகலீன்னா ரங்கநாதரு கோவிச்சுக்குவாரு, பாப்பாயி."

"அவரு படுத்துக்கிட்டுத்தான இருக்காரு, காத்திருப்பாருங்க. நீங்க வேலைக்குப் போங்க," என்று பாப்பாயி டம்ளரை நீட்டினாள்.

அதில் முக்கால் டம்ளர் காபி இருந்தது.