கைமாத்து

“…அத்தினியும் ஒரே நாள்ல குட்த்துட்டு, பைசல் பண்ணிக்கினு எங்கடி போற நீ?” என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது, எங்கள் இருவருக்கும் நடுவில் என் ஒயர் கூடை இருந்தது. அதற்குள் அரை பாட்டில் கிருஷ்ணாயில், ஒரு டம்ளர் உளுத்தம்பருப்பு, பொட்டலமாய்க் கொஞ்சம் காப்பித்தூள், ஒரு தீப்பெட்டி. எல்லாம் நான் அவளிடம் கைமாத்தாக வாங்கியவை.

கைமாத்து என்றால் வட்டியில்லாத சின்னக் கடன் என்பார்கள். அது பாதிதான் சரி. எண்பதுகளில் நாங்கள் கீழ்க்கட்டளைக்குக் குடிவந்தபோது, அந்தத் தெருவில் காசைவிட மற்றதெல்லாம்தான் கைமாத்தாகப் போய்வந்தது. பூக்காரம்மா, “ஒரு மொழம் கைமாத்தா வச்சிக்க, நாளைக்கு ரெண்டு வெத்தல குடு” என்பாள். கிண்டிப் பட்டறைக்குப் போன என் வீட்டுக்காரர், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரின் பேப்பரில் நடுப்பக்கத்தைக் கைமாத்து வாங்கிப் படித்தவர்.

திருப்பித் தருவதற்கும் ஒரு முறை இருந்தது. வாங்கிய அளவுக்குச் சரியாகத் தரக் கூடாது. டம்ளரைக் குவித்துத் தர வேண்டும். இல்லையென்றால் கொஞ்சம் குறைத்துத் தந்து, “மீதி அப்புறம்” என்று சொல்ல வேண்டும். தலைதட்டிக் கொடுத்தால், இனி உன் வாசலுக்கு வர மாட்டேன் என்று அர்த்தம்.

எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் அன்று காலை கத்தியின் முதுகால் பருப்பை வழித்து, டம்ளர் விளிம்போடு சமமாக்கினேன். எனக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். ஊரில் அம்மா படுத்த படுக்கை. வீட்டுக்காரருக்குப் பாதி நாள் நைட் ஷிப்ட். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வருவேனா என்ற பயத்தை அவரிடம்கூடச் சொல்லவில்லை. போகிறவள் யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கக் கூடாது என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

“ஒண்ணுமில்லக்கா. குடுக்க வேண்டியதக் குடுத்துட்டா நிம்மதி, அவ்ளோதான்.”

அவள் டம்ளரை எடுத்துப் பார்த்தாள். “தலய தட்டி வேற எட்த்தாந்துகிறா பாரு! நிம்மதியாம் நிம்மதி. ராவுல வலி வந்தா யாரக் கூப்புடுவ? உம் புருசனோட மிஷினயா?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் குரல் இறங்கியது.

“பயந்துகினியா?”

தலையாட்டினேன்.

“நான் மூணு பெத்தவ. இந்தத் தெருவுல ரெண்டு பேர நான்தான் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். ரெண்டும் நல்லாத்தான் வூடு வந்து சேந்துச்சுங்க. வந்த மறுநாளே சக்கர கைமாத்து கேட்டு இங்க ஆள் அனுப்பிச்சாளுங்க, வெக்கங்கெட்டவளுங்க!”

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் மறுபாதி எனக்குப் புரிந்தது. திரும்பி வருவாய் என்ற நம்பிக்கையைத்தான் ஆளுக்கு ஆள் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். பருப்பும் கிருஷ்ணாயிலும் அதற்கொரு சாக்கு.

அக்கா கூடையைத் தூக்கி என் கையில் மாட்டினாள். செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து என் வீட்டுக்குள் போனாள். பழைய வேட்டித் துணிகளை நான் மடித்துப்போட்டு, கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்த ஆஸ்பத்திரிப் பையை இழுத்தெடுத்தாள். அதைக் கொண்டுவந்து, தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.