பெரிய வகுப்பும் கோடி அறையும்

தையல்காரிக்கும் அவள் ஓரகத்திக்கும் பகை என்று எதுவும் இருந்ததில்லை. ஒரே வீடு, கீழே இவள், மாடியில் அவள். இருவர் பிள்ளைகளுக்கும் பேச்சு வரத் தாமதமானபோது ஒரே மருத்துவரிடம் சேர்ந்துதான் அலைந்தார்கள். பள்ளிக்கூடம்தான் நடுவில் கோடு கிழித்தது.

பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த பள்ளியார், ஓரகத்தியின் மகன் வாலுவை, பக்கத்தில் ஒரு உதவியாளரை வைத்துப் பொது வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். தையல்காரியின் மகள் சிட்டுவுக்குக் கிடைத்தது நடைபாதைக் கோடியில் இருந்த சிறப்பு வகுப்பு. அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர்.

அன்றிலிருந்து தையல்காரிக்கு வயிறு எரிந்தது. மாடியில் வாலு பாடம் ஒப்பித்தால் கீழே மெஷினைத் தடதடவென்று மிதிப்பாள். அவனுடைய சீருடைச் சட்டையைத் தைக்கக் கொடுத்தபோது காலர் கோணலாக விழுந்தது. கை தவறிவிட்டது என்றாள். தவறவில்லை என்று அவளுக்கே தெரியும். முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைத்தாள்.

சிட்டு அங்கே சந்தோஷமாகத்தானே இருக்கிறாள் என்று கணவன் சொல்லிப் பார்த்தான்.

"அவன் மட்டும் எல்லாரோடயும் உக்காரணும், என் பொண்ணு மூலையில கெடக்கணுமா?" என்றாள்.

தலைமையாசிரியையை விடாமல் நச்சரித்தாள். கடைசியில், கொஞ்ச நாள் பொது வகுப்பில் உட்கார வைத்துப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். தையல்காரி தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அந்த வாரமே பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், வகுப்பு இரைச்சல் தாங்காமல் சிட்டு காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் சுருண்டிருந்தாள். அம்மா கை நீட்டியும் வரவில்லை. கோடி அறை டீச்சர் வந்து குனிந்ததும் வெளியே வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தையல்காரிக்கு இப்போது அந்த டீச்சரின் மேலும் எரிந்தது.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது ஓரகத்தி தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வாலுவையும் அந்தச் சின்ன வகுப்புல போடச் சொல்லிக் கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. சிட்டு தானா பட்டன் போடுறதப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. இவனுக்கு இன்னும் நான்தான் போட்டு விடணும்."

அதைக் கேட்டதும் தையல்காரிக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அப்புறம்தான் பாவம் என்று தோன்றியது.

"நானும் அப்படித்தான்டி வெந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். காலர் சங்கதியை மட்டும் சொல்லவில்லை.

பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். படிப்பும் கணக்கும் கோடி அறையில், ஓவியமும் விளையாட்டும் பெரிய பொது வகுப்பில் என்று சிட்டுவுக்கு ஏற்பாடாயிற்று. தானாக உடுத்தப் பழக வாலுவும் தினம் கொஞ்ச நேரம் கோடி அறைக்குப் போகிறான்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. வாலு தெருவில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தால் தையல்காரிக்கு இன்றும் சுருக்கென்கிறது. ஆனால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.